காதைத் தொட்ட பெயர்

தயாளினிக்கு மணிக்கட்டு இரண்டும் விண்விண்ணென்று நோவெடுத்தன. முதல் நாள் முழுக்கக் கிளினிக் ஒன்றில் நின்று, காது கேளாத மூன்று பேருக்கு டொக்டர் சொன்னதைக் கையால் சொல்லி, அவர்கள் கையால் சொன்னதை டொக்டருக்கு வாயால் சொல்லி வந்த நோவு அது. காலையில் எழும்பி நல்லெண்ணெய் சூடாக்கித் தடவிப் பார்த்தாள். நோவு கேட்கவில்லை. எண்ணெய்க் கையோடு பஸ் கம்பியைப் பிடித்தால் வழுக்கும் என்று சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு வெளிக்கிட்டாள்.

அன்றைக்கு ஜெயரூபியின் வாக்குமூலம்.

ஜெயரூபி முரசுமோட்டைக்காரி. முப்பத்தைந்து வயது. பிறந்ததிலிருந்தே காது கேளாது. தாயும் இரண்டு பசு மாடும்தான் அவளுக்குக் குடும்பம். மூன்று கிழமைக்கு முதல் ஒரு பின்னேரம், இருளத் தொடங்குகிற நேரம், தலையில் புல்லுக்கட்டோடு றோட்டுக் கரையால் வந்துகொண்டிருந்தவளைப் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று இடித்துவிட்டுப் போய்விட்டது. வலக்கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். இடித்தது யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவளிடம் போய்க் கேட்க வேண்டும் என்றும் பொலிஸில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரரைக் கேட்டார்கள். அவர், "ஹோர்ன் அடிச்ச சத்தம் எனக்குக் கேட்டது. மனுசி விலகேல்லை" என்றார். அதோடு பிழை அவள் தலையில் விழுந்து, கதை முடிகிற மாதிரித்தான் இருந்தது.

முடிய விடாதவள் தயாளினி. அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனால் காது கேளாத தாய்க்குப் பிறந்த மூத்த பிள்ளை அவள். ஐந்து வயதில் கடைக்குப் போய் அம்மாவுக்காகப் பருப்பு விலை கேட்கத் தொடங்கியவள், நாற்பத்து நாலு வயதிலும் மற்றவர்களுக்காகக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கூட்டுறவுச் சங்கக்கடையில் நிறுத்துக் கொடுக்கிற வேலை. மிச்ச நேரமெல்லாம் செவிப்புலனற்றோர் ஒன்றியத்தின் செயலாளர். செயலாளர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கடிதம் எழுதுவது அவள், கடிதம் கொண்டுபோவது அவள், வாசலில் காத்திருப்பதும் அவள். காது கேளாதவரின் வாக்குமூலத்தை அவரிடமே எடுக்க வேண்டும், சைகை மொழி தெரிந்த ஒருவரை வைத்து எடுக்க வேண்டும் என்று அந்தப் பொலிஸ் நிலையத்துக்கு மூன்று கடிதம் கொடுத்தாள். நாலு தரம் நடந்தாள். நாலாவது தரம்தான் "சரி, வியாழக்கிழமை கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார்கள். அந்த நிலையத்தில் அப்படி ஒன்று நடக்கப்போவது அதுதான் முதல் தடவை.

பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும்போதே போன் அதிர்ந்தது. மாங்குளத்திலிருந்து யோகநாதன். ஒன்றியத்தின் தலைவர், தையல்காரர், காது கேளாதவர். வீடியோவில் வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. ஒரு கையால் கம்பியையும் மறு கையால் போனையும் பிடித்தபடி தயாளினி தலையால் மட்டும் பதில் சொன்னாள்.

"முகம் என்ன, பழஞ்சோறு மாதிரிக் கிடக்கு?" என்று கையால் கேட்டார் யோகநாதன்.

போனைக் கக்கத்தில் செருகிவிட்டு, "நித்திரை இல்லை" என்று ஒரு கையால் சொன்னாள். பிறகு போனை எடுத்துப் பார்த்தாள்.

"கக்கத்தைக் காட்டாதை, முகத்தைக் காட்டு. இண்டைக்குச் சரிவந்தால் எங்கள் எல்லாருக்கும் சரிவரும். விளங்குதோ? அடுத்த மாசம் என்ர காணிப் பிரச்சினைக்கும் நீதான் வரவேணும்."

பஸ்ஸில் இருந்தவர்கள் சினிமா பார்ப்பது போலப் பார்த்தார்கள். ஒரு வயதான மனுசன் பக்கத்திலிருந்தவரிடம், "பாவம், ஊமைப் பிள்ளை போல" என்றார். தயாளினி அவரைத் திரும்பிப் பார்த்து, "எனக்குக் கேக்குது, ஐயா" என்றாள். மனுசன் யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார்.

ஜெயரூபி ஓட்டோவில் முன்னமே வந்து, பொலிஸ் நிலைய விறாந்தையில் வாங்கில் உட்கார்ந்திருந்தாள். கக்கத்தில் வைக்கிற ஊன்றுகோல் இரண்டும் சுவரில் சாய்ந்திருந்தன. மடிப்புக் கலையாத நல்ல சட்டை போட்டு, தலையில் எண்ணெய் வைத்து வாரியிருந்தாள், பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை மாதிரி. தயாளினியைக் கண்டதும் சிரித்தாள். சிரிப்பு அரைவாசியில் நின்றுவிட்டது.

தயாளினி பக்கத்தில் உட்கார்ந்து கையால் கேட்டாள்.

"இடிச்ச ஆளைக் கண்டனியோ? ஆஸ்பத்திரியிலை கேக்கேக்கை காணேல்லை எண்டாய். வடிவா யோசிச்சுப் பார்."

ஜெயரூபி றோட்டைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். கை மடியிலேயே கிடந்தது.

"கண்டால் சொல்ல வேணும், ரூபி. உள்ளுக்கு இருக்கிற மனுசன் கடைக்காரர் சொன்னதை எழுதி வைச்சிருக்கிறார். நீ காது கேளாமல் நடுறோட்டிலை நடந்தனியாம். உன்ர பிழையாம். நீ வாய் திறக்காட்டில் அதுதான் நிக்கும். இனி எங்கட ஆக்கள் ஆர் வந்தாலும் இதைத்தான் காட்டுவினம்."

"நான் கரையாலைதான் வந்தனான்."

"அதைச் சொல்லு. கண்டதெல்லாம் சொல்லு. ஒண்டையும் மறைக்காதை."

ஜெயரூபி அவளுடைய முகத்தை நெடுநேரம் பார்த்தாள். காது கேளாதவர்கள் பார்க்கிற பார்வை அது. எங்களைப் போலக் கண்ணை மட்டும் பார்ப்பதில்லை, முகம் முழுவதையும் வாசிப்பார்கள். "உண்மையாச் சொல்லட்டோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"உனக்குச் சரியோ?"

இதென்ன கேள்வி என்று தயாளினிக்குச் சலிப்பாக வந்தது. இரண்டு மணிக்குச் சங்கக்கடைக்குப் போக வேண்டும். மணிக்கட்டு வேறு. "எனக்கென்ன? சரிதான். சொல்லு" என்றாள்.

சார்ஜன்ட் குகதாசன் ஐம்பது கடந்தவர். பருத்த உடம்பு. மின்விசிறி சுற்றியும் வழுக்கை மண்டை வேர்த்துக்கொண்டே இருந்தது. மடித்த லேஞ்சியால் ஒற்றி ஒற்றித் துடைத்தார். மனுசன் கூடாதவர் இல்லை. இப்படி ஒன்றை முன்பின் செய்தறியாத தயக்கம்தான்.

"இருங்கோ தங்கச்சி. இது எப்பிடிச் செய்யிறது? நான் உங்களைக் கேட்டு நீங்கள் சொல்லுறதோ?"

"இல்லை சேர். நீங்கள் அவவைப் பார்த்துக் கேளுங்கோ. நான் கையாலை சொல்லுவன். அவ கையாலை சொல்லுறதை நான் வாயாலை சொல்லுவன். நான் 'நான்' எண்டு சொன்னால் அது தயாளினி இல்லை, ஜெயரூபி. அவவின்ர வாய் மாதிரி."

"ஓகோ. நீங்கள் நான் எண்டால் அவ."

"ஓம். இஞ்ச நீங்கள் என்ன சொன்னாலும் அவவுக்குச் சொல்லுவன். அவ என்ன சொன்னாலும் உங்களுக்குச் சொல்லுவன். ஒண்டும் எனக்குள்ளை நிக்காது."

சார்ஜன்ட் மண்டையைத் துடைத்தார். அதைப் பார்த்த ஜெயரூபி உள்ளங்கையால் தன் உச்சந்தலையை இரண்டு தரம் ஒற்றிக் காட்டினாள். தயாளினிக்குச் சிரிப்பு வந்து அடக்கினாள்.

"என்ன சொல்லுறா?"

"உங்களுக்குப் பெயர் வைச்சிட்டா, சேர். மண்டை துடைக்கிறவர்."

அறை வாசலில் நின்ற பொலிஸ்காரப் பெட்டை குபுக்கென்று சிரித்தாள். சார்ஜன்டும் சிரித்துவிட்டார். "வீட்டிலை மனுசி வைச்ச பெயரைவிட இது பரவாயில்லை" என்றார். அதையும் தயாளினி கையால் சொன்னாள். ஜெயரூபி வாய்விட்டுச் சிரித்தாள்.

இந்தப் பெயர் விசயத்தைக் கொஞ்சம் விளங்கப்படுத்திவிட்டு மேலே போகிறேன். காது கேளாதவர்களுக்கு அடையாள அட்டையில் இருக்கிற பெயர் அடையாள அட்டைக்கு மட்டும்தான். அவர்களுக்குள்ளே ஒவ்வொருவருக்கும் கையால் வைத்த பெயர் ஒன்று இருக்கும். மச்சத்தைத் தொட்டு ஒரு பெயர், உடைந்த பல்லைத் தொட்டு ஒரு பெயர், பழக்கத்தைப் பார்த்து ஒரு பெயர். ஒருதரம் வைத்தால் வைத்ததுதான். பல்லைக் கட்டினாலும் பெயர் மாறாது. தயாளினிக்கு உதட்டோரம் இரண்டு விரல் வைத்து எடுப்பது பெயர். வாய் என்று அர்த்தம். தாய் இராசேஸ்வரி வைத்தது.

வாக்குமூலம் நல்லபடியாகத்தான் தொடங்கியது. பெயர், ஊர், வயது. எங்கே புல்லு வெட்டினாய், எத்தனை மணி, வெளிச்சம் இருந்ததா. தயாளினியின் வாய் "நான், நான்" என்று சொல்லிக்கொண்டே போனது. "நான் கரையால் வந்தனான். நான் விழுந்தனான். என்ர கால் மற்றப் பக்கம் திரும்பிக் கிடந்தது." சார்ஜன்டின் பேனையும் அதோடு சேர்ந்து ஓடியது. அவள் களைத்திருந்தாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி பரவியது. நாலு தரம் நடந்த நடை வீண்போகவில்லை.

"ஹோர்ன் அடிச்சது தெரியாதோ?"

"எனக்குக் காது கேளாது."

"சரி சரி. இடிச்சவர் நிண்டவரோ, நிக்காமல் போனவரோ?"

ஜெயரூபி சொன்னாள். தயாளினி வாயால் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"நிண்டவர். சைக்கிளை விட்டிட்டு ஓடி வந்தவர். எனக்குப் பக்கத்திலை குந்தினவர். சைக்கிள் லைற் வெளிச்சம் அவரிலை பட்டது. அசையாதை, கிட, வாகனம் வருது எண்டு கையாலை சொன்னவர். பிறகு எழும்பி…"

அந்த இடத்தில் அவளுடைய வாய் நின்றது.

கையால் சொன்னவர்.

அசையாதே என்று கையைப் பதித்துக் காட்டுவது யாருக்கும் வரும். ஆனால் ஜெயரூபி இப்போது செய்து காட்டிய சைகைகள் அப்படிக் காட்டுகிற சைகைகள் இல்லை. "கிட" என்பதற்கு இரண்டு விரலை உள்ளங்கையில் சாய்த்து ஒரு சின்னத் தட்டுத் தட்டினாள். சைகை மொழியைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் அந்தத் தட்டைத் தட்ட மாட்டார்கள். அது இராசேஸ்வரி தட்டுவது. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்குத் தட்டுவது. காது கேட்கிற ஆட்களில் அந்தக் கை தெரிந்தவர்கள் இந்த உலகத்திலேயே இரண்டு பேர்தான். அதில் ஒருத்தி இந்தக் கதிரையில் இருக்கிறாள்.

தம்பியின் மோட்டார் சைக்கிள் மூன்று கிழமையாக மாங்குளத்துக் கராச்சில் கிடக்கிறது. எஞ்சின் பிழை என்றான். தம்பி சொன்னால் தம்பி சொன்னதுதான் என்று அவளும் கேட்கவில்லை.

"பிறகு எழும்பி?" என்றார் சார்ஜன்ட்.

"எழும்பிப் போட்டார்."

"ஆளைத் தெரியுமோ எண்டு கேளுங்கோ."

"அவவைப் பார்த்துக் கேளுங்கோ, சேர்" என்றாள் தயாளினி. வாய் பழக்கத்தில் சொன்னது.

"சரி. பிள்ளை, இடிச்ச ஆளை உமக்குத் தெரியுமோ?"

தயாளினி கையால் கேட்டாள். கை பாரமாக இருந்தது. ஜெயரூபி அவளுடைய முகத்தைப் பார்த்தாள். திரும்பவும் அதே பார்வை. விறாந்தையில் எதற்கு இரண்டு தரம் கேட்டாள் என்று தயாளினிக்கு இப்போதுதான் விளங்கியது. மூன்று கிழமையாக எதற்கு ஒன்றும் காணவில்லை என்று சொன்னாள் என்பதும் விளங்கியது. தயாளினியின் வீட்டுப் பெயரைக் காப்பாற்றத்தான் இவள் பேசாமல் இருந்திருக்கிறாள். பேசு பேசு என்று பிடரியில் பிடித்துத் தள்ளியது வேறு யாருமில்லை, தயாளினிதான்.

ஜெயரூபி பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தன் காதுமடலைப் பிடித்தாள். மெதுவாகப் பிடித்து, மெதுவாக விட்டாள்.

கிருசாந்தன்.

தம்பி பால்குடியாக இருந்தபோது அம்மாவின் காதைப் பிடித்துக்கொண்டுதான் நித்திரை கொள்வான். கேளாத காதை. பன்னிரண்டு வயதில், யுத்தத்தில் இடம்பெயர்ந்து வந்த முகாம் கூடாரத்தில், நாலு குடும்பம் ஒரே தறப்பாளின் கீழ் கிடந்தபோதும், இருட்டில் கையை நீட்டி அம்மாவின் காதைத் தேடுவான். அந்தக் கூடாரத்தில் ஜெயரூபியும் இருந்தாள். பத்தொன்பது வயதுப் பெட்டை. பள்ளிக்கூடம் காணாதவள். அவளுக்கு முதல் முதல் கைமொழி சொல்லிக் கொடுத்தது இராசேஸ்வரிதான்.

சார்ஜன்ட் ஜெயரூபியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினார்.

"விளங்குது, விளங்குது. காது கேளாதபடியாத்தான் நடந்தது எண்டு அவவே சொல்லுறா. பாவம், அவ என்ன செய்யிறது?" பேனையை எடுத்தார். "செவிப்புலன் குறைபாடு காரணமாக வாகனம் வருவதை அறியவில்லை. ஆளை அடையாளம் தெரியாது. அப்பிடித்தானே தங்கச்சி?"

தயாளினி பேனையைப் பார்த்தாள்.

பொய் சொல்லத் தேவையில்லை. வாயைத் திறக்கவே தேவையில்லை. ஓம் என்றுகூடச் சொல்ல வேண்டாம். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிசம் இருந்தால் போதும். காதைத் தொட்டால் காது கேளாது என்றுதானே காது கேட்கிற ஆட்கள் எல்லாரும் நினைப்பார்கள். வீட்டில் தம்பியின் மனைவி யதுர்ஷிகாவுக்கு ஏழாம் மாதம். தம்பிக்குத் தமக்கையை விட்டால் யார், தமக்கைக்குத் தம்பியை விட்டால் யார்? தயாளினிக்கு அப்படியே மேசையில் தலையைச் சாய்த்து நித்திரை கொள்ள வேண்டும் போல இருந்தது.

பேனை "செவிப்புலன்" என்று எழுதி முடித்துவிட்டது.

ஜெயரூபிக்கு எழுதுவது என்னவென்று தெரியாது. அவள் தயாளினியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அவள் அவசரப்படுத்தவில்லை. திரும்பச் சொல்லவும் இல்லை. முறிந்த காலை இரண்டு கையாலும் தூக்கிக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள்.

"சேர், அதை வெட்டுங்கோ" என்றாள் தயாளினி.

"ஏன்?"

"அவ அப்பிடிச் சொல்லேல்லை. அது ஒரு ஆளின்ர பெயர். உங்களுக்கு மண்டையிலை வைச்ச மாதிரி, அந்த ஆளுக்குக் காதிலை. என்னை இடிச்சது கிருசாந்தன்."

சார்ஜன்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்தக் கிருசாந்தன்?"

"என்ர தம்பி."

"இவவின்ர தம்பியோ!" சார்ஜன்ட் ஜெயரூபியைத் திரும்பிப் பார்த்தார். "சொந்தத் தம்பியோ இடிச்சிட்டு ஓடினவன்? இவவுக்குச் சகோதரம் இல்லை எண்டெல்லோ முன்னம் எழுதினனான்."

"இல்லை சேர். இது நான்."

"நான் எண்டால் அவ எண்டுதானே சொன்னனீங்கள்?"

"ஓம். இவ்வளவு நேரமும் அவ. இப்ப நான் கதைக்கிறன். தயாளினி. என்ர தம்பி. என்ர சொந்தத் தம்பி."

வாசலில் நின்ற பெட்டை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினாள். சார்ஜன்ட் பேனையை மேசையில் வைத்தார். மண்டையைத் துடைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தங்கச்சி, நான் இன்னும் பெயரை எழுதேல்லை. அடையாளம் தெரியாத ஆள் எண்டே விடலாம். கையிலை காட்டினது எங்களுக்கென்ன விளங்கும்? யோசியுங்கோ" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்துப் பாவம் பார்த்துச் சொன்னார்.

தயாளினி ஜெயரூபியின் பக்கம் திரும்பி, அதையும் கையால் சொன்னாள். அடையாளம் தெரியாத ஆள் என்று விடலாமாம். யோசிக்கச் சொல்கிறார்.

குகதாசன் பதறிப்போனார். "அதை ஏன் அவவுக்குச் சொல்லுறியள்?"

"ஒண்டும் எனக்குள்ளை நிக்காது எண்டு சொன்னனான் தானே, சேர்."

ஜெயரூபி யோசித்தாள். அவளுக்கும் சுகமாக இருக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. "அம்மா எனக்கு மொழி தந்தவ" என்றாள், இராசேஸ்வரியை நினைத்து. "மூண்டு கிழமையா அதைத்தான் யோசிச்சனான். ஆனால் நான் நடுறோட்டிலை நடக்கேல்லை. மாட்டுக்கு இப்ப என்ர அம்மாதான் புல்லு வெட்டுறா. அவவுக்கு எழுபது வயசு. எழுதச் சொல்லு."

தயாளினி வாயால் சொன்னாள். "எழுதுங்கோ."

எழுதினார். எழுதி முடித்துவிட்டு, இன்னொன்றும் சொன்னார். மொழிபெயர்த்தவர் சம்பந்தப்பட்டவரின் தமக்கை என்றபடியால் இது நிற்காது. வவுனியாவிலிருந்து வேறு ஒருவரைக் கூப்பிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு மூன்று கிழமை செல்லும். தம்பியை நாளைக் காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லுங்கோ.

அதையும் கையால் சொன்னாள். ஜெயரூபி பெருமூச்சு விட்டாள். "திரும்பவும் முதலிலையிருந்தோ?" என்று கேட்டாள். ஓம், திரும்பவும் முதலிலிருந்து.

வெளியே வந்து ஓட்டோவில் ஏறும்போது ஜெயரூபி ஊன்றுகோலை உள்ளே எறிந்துவிட்டுக் கையை விடுவித்துக்கொண்டாள்.

"நீ வேறை ஏதும் சொல்லியிருந்தால் எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரியும்."

"என்னிலை கோவமோ?"

தயாளினி யோசித்துப் பார்த்தாள். கோபம் யாரில் என்று தேடிப் பிடிக்கிற தென்புகூட இல்லை. "இல்லை. நேரத்துக்குக் குளிசையைப் போடு" என்றாள். ஓட்டோ போன பிறகுதான் மணியைப் பார்த்தாள். இரண்டரை. அன்றைக்குச் சங்கக்கடைக்குப் போகவில்லை.

வீட்டுக்கு வரும்போது நாலு மணி. கிருசாந்தன் முற்றத்துப் பூவரச நிழலில் யாருடையதோ மின்விசிறியைக் கழற்றிப் போட்டு வயரைச் சுரண்டிக்கொண்டிருந்தான். வயரிங் வேலைதான் அவனுக்குத் தொழில். குசினிக்குள் யதுர்ஷிகா ஏதோ பொரித்துக்கொண்டிருந்தாள்.

"மச்சாள், வந்திட்டியளோ? மோர்மிளகாய் பொரிக்கிறன். சோறு போட்டுத் தரட்டோ?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"கொஞ்சம் செல்லட்டும், யது."

தயாளினி தம்பிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தன் காதுமடலைப் பிடித்து விட்டாள்.

அம்மா செத்து ஏழு வருசம். அதன் பிறகு அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் கை பேசியதே இல்லை. பேச வாய் இருக்கும்போது எதற்கு? கிருசாந்தன் திருகாணியைப் பிடித்தபடி நிமிர்ந்தான். அந்தப் பெயரைச் சொல்லி இனி ஒருவரும் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்திருப்பான். அவன் முகம் முதலில் மலர்ந்தது. பிறகுதான் விளங்கி, இரத்தம் வடிந்தது போலானது.

"ஜெயரூபி சொன்னவள்" என்றாள் கையால்.

அவன் குசினிப் பக்கம் பார்த்தான். திருகாணியைக் கீழே வைத்தான். "நீ என்ன சொன்னாய்?"

"அவள் சொன்னதைச் சொன்னன்."

"பொலிஸுக்கோ?"

"ஓம்."

அவனுடைய கை வேகமாக எழும்பியது. "நான் ஹோர்ன் அடிச்ச…" என்று தொடங்கி, பாதியில் நின்றது. பெருவிரல் ஹோர்னை அழுத்துகிற மாதிரி அந்தரத்தில் நின்றது. காது கேளாத தாயின் மகன் அவன். அதைப் பார்க்க அவனுக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும். கையை இறக்கிவிட்டான்.

"அவள் எண்டு தெரியாது. புல்லுக்கட்டுத்தான் தெரிஞ்சது. விழுந்த பிறகுதான் முகத்தைக் கண்டனான். அம்புலன்ஸுக்கு அடிச்சது நான்தான், அக்கா. அசையாதை எண்டு சொன்னனான்."

"அதாலைதான் உன்னைத் தெரிஞ்சது. ஏன் விட்டிட்டுப் போனாய்?"

"லைசன்ஸ் முடிஞ்சு கிடந்தது. யதுவுக்கும் இந்த நேரம்… பயந்திட்டன்." மார்பில் கையை வைத்து நடுங்கிக் காட்டினான். சின்னப் பிள்ளையில் இடி இடிக்கும்போது அம்மாவுக்குக் காட்டுவதைப் போலவே காட்டினான். "நீ மாத்திச் சொல்லியிருக்கலாம். ஆருக்குத் தெரியும்?"

"ஓம். பேசாமல் இருந்திருந்தாலே காணும்."

"பிறகேன்?"

ஒன்றியம், மூன்று கடிதம், யோகநாதனின் காணி என்று சொல்லலாம். அம்மாவின் பெயரையும் இழுக்கலாம். எல்லாமே பெரிய கதையாக இருந்தது. மணிக்கட்டு எரிந்தது. "கை களைச்சுப் போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன ரெண்டு பேரும் சத்தத்தைக் காணேல்லை? சண்டையோ?" யதுர்ஷிகா வயிற்றைத் தாங்கியபடி குசினி வாசலில் வந்து நின்றாள். "உங்கட சண்டையிலை என்ர மோர்மிளகாய் கருகினால் எனக்குத் தெரியாது."

கிருசாந்தன் அக்காவைப் பார்த்தான். "நீ சொல்லன்" என்று கண்ணால் கேட்டான். தயாளினி அசையவில்லை. அவன் எழும்பினான். "யது, அடுப்பை நிப்பாட்டிப் போட்டு இப்பிடி வந்து இரு. ஒரு கதை இருக்கு" என்றான் வாயால்.

அன்றைக்குச் சோறு பானையிலேயே கிடந்தது.

மறுநாள் காலையில் அவன் சேட்டு மாற்றிக்கொண்டு, யாரிடமோ இரவல் வாங்கின சைக்கிளோடு படலையடியில் நின்றான். யதுர்ஷிகாவின் கண் வீங்கிக் கிடந்தது. தானும் வருவேன் என்று பிடிவாதமாகக் கைப்பையைத் தோளில் கொழுவியிருந்தாள். அவளை பஸ்ஸில் வரச் சொல்லிக் கொஞ்ச நேரம் இழுபறி நடந்தது. பிறகு அவன் திரும்பி வந்தான்.

"அக்கா, நீயும் வாவன். அந்தச் சார்ஜன்டை உனக்குத் தெரியும். நீ கதைச்சால் கேப்பார். எனக்குக் கதைக்க வராது."

"நான் வரேல்லை."

"அக்கா…"

"உனக்கு வாய் இருக்கடா, தம்பி. நீயே கதை."

கடுமையாகச் சொல்லவில்லை. சேட்டுக் கொலர் ஒரு பக்கம் மடிந்து கிடந்ததை நிமிர்த்திவிட்டுத்தான் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். பின்னால் யதுர்ஷிகா பஸ் தரிப்பிடத்தை நோக்கி மெதுவாக நடந்தாள்.

தயாளினி சங்கக்கடைக்குப் போனாள். நேற்று வராததற்கு மனேஜரிடம் பேச்சு வாங்கினாள். சீனி நிறுத்தாள், பருப்பு நிறுத்தாள். ஒன்பது மணியானது. பத்தும் ஆனது. யோகநாதன் இரண்டு தரம் வீடியோவில் வந்தார். அவள் எடுக்கவில்லை. பிறகு எடுத்துச் சொல்லலாம். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

அந்த மேசையில் இப்போது என்ன பேசுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தம்பி "நான்" என்று தொடங்கியிருப்பானா, அதற்குப் பிறகு என்ன சொல்லியிருப்பான், சார்ஜன்ட் எதை எழுதியிருப்பார், ஒன்றும் தெரியாது. ஐந்து வயதிலிருந்து அவளைத் தாண்டாமல் அந்த வீட்டின் சொல் ஒன்றும் வெளியே போனதில்லை. இன்றைக்குத்தான் ஒன்று அவள் இல்லாமல் போயிருக்கிறது.

"பிள்ளை, ஒரு கிலோ கோதுமை மா" என்றார் முன்னால் நின்றவர்.

"பொறுங்கோ ஐயா" என்று சொல்லிவிட்டு, அவள் இரண்டு கையையும் உதறி, மாச் சாக்கின் வாயை அவிழ்த்தாள்.